ஒற்றைத் துப்பாக்கியின் துணையில்: கென்னத் ஆண்டர்சன் வாழ்வு

சேலம், நாமக்கல் சமவெளியில் எங்கு நின்று நோக்கினும் மலையொன்று கண்ணிற்படும். தெற்கே கொல்லிமலை, கிழக்கே கல்வராயன், நடுவே சேர்வராயன், வடக்கே செல்லச் செல்லத் தருமபுரியும் தேன்கனிக்கோட்டையும் கடந்து காவிரிக்கரை வரையில் தொடரும் காட்டுமலைகள். மலைகள் சூழ்ந்த இம்மண்ணில் வேட்டையும் வேட்டைப் பாடலும் பழமையானவை. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பினால் வீழ்த்தினான் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எனப் புறநானூறு புகழ்கின்றது. தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளில் புலியொடு பொருது மாண்டவர்க்கு எடுத்த நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. வேட்டுவனின் சிறப்பு அம்புகளின் எண்ணிக்கையால் அமைவதன்று. எய்த ஓர் அம்பு தைக்க வேண்டிய இடத்தில் தைத்தலால் அமைவது. இந்தப் பழந்தமிழ் மரபை அறியாதவராயினும், அதன் பொருளைத் தம் வாழ்வால் உணர்த்திய வேட்டைக்காரர் ஒருவர் இருபதாம் நூற்றாண்டில் இக்காடுகளில் உலவினார். அவரே கென்னத் ஆண்டர்சன்.

பிறப்பும் கல்வியும்

கென்னத் ஆண்டர்சன் 1910ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், ஐதராபாத்தை அடுத்த பொலாரம் என்னும் ஊரில் பிறந்தார். அவர் குடும்பம் ஸ்காட்லாந்து நாட்டு வழியினது. எனினும் ஆறு தலைமுறைகளாக இந்தியாவிலேயே வாழ்ந்து வந்தது. தந்தை டக்ளஸ் ஸ்டுவர்ட் ஆண்டர்சன் படைவீரர்தம் ஊதியக் கணக்கைக் கவனிக்கும் அலுவலகத்தில் பணியாற்றியவர். காட்டிலும் வேட்டையிலும் ஈடுபாடு உடையவர். மகனுக்குக் காட்டின்மேல் காதல் பிறந்தது தந்தையிடமிருந்தே எனலாம்.

பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும் தூய வளனார் கல்லூரியிலும் பயின்ற இளைஞரைச் சட்டம் படிப்பதற்காக எடின்பரோ நகருக்கு அனுப்பினர். முன்னோர் மண்ணாயினும் அது அவர் மனத்தை ஈர்க்கவில்லை. படிப்பை இடையிலேயே விடுத்து இந்தியா திரும்பினார். அஞ்சல் தந்தித் துறையில் பதினைந்து ஆண்டுகள் பணிபுரிந்தார். பின்னர், இன்று இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் என வழங்கும் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் திட்டமிடும் பிரிவின் மேலாளராக விளங்கினார். வேட்டை அவருக்குப் பிழைப்பன்று. விடுமுறை நாள்களில் தம் செலவில் மேற்கொண்ட பணி. கன்னடமும் தமிழும் அவர் நாவில் பழகியிருந்தன. ஆதலின் கிராமத்தாரிடமும் காட்டுவாழ் மக்களிடமும் இடையாள் இன்றியே அவரால் உரையாட முடிந்தது.

பழைய சேலம் மாவட்டம்

அவர் நூல்களைப் படிப்போர் சேலம் மாவட்டம் என்னும் பெயரைப் பலமுறை காண்பர். இன்றைய எல்லையை மனத்திற்கொண்டு படித்தால் குழப்பமே எஞ்சும். அக்காலத்துச் சேலம் மாவட்டம் தெற்கே நாமக்கல் முதல் வடக்கே மைசூர் எல்லையில் உள்ள ஒசூர், தளி வரையில் பரந்திருந்தது. 1965 அக்டோபர் 2ஆம் நாள் தருமபுரி தனி மாவட்டமாயிற்று; 1997 சனவரி முதல் நாள் நாமக்கல் பிரிந்தது; 2004ஆம் ஆண்டு கிருட்டிணகிரி உருவாயிற்று. ஆண்டர்சன் நடந்த ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் ஆகிய இடங்கள் யாவும் அவர் காலத்தில் பெரும்பாலும் சேலத்து ஊர்களே. சமவெளியில் இருப்போர் மாவட்டத்தின் வடகாடு எனக் கருதிய பகுதி, பெங்களூரில் வாழ்ந்த அவருக்கு வீட்டுக் கொல்லை போன்ற அண்மையில் இருந்தது.

இக்காடு கேரளக் காடுகளைப்போல் எப்போதும் பசுமை மாறாதது அன்று. மூங்கிலும் முள்ளும் மண்டிய வறண்ட காடு. கோடையில் இலையுதிர்ந்து சருகு நிறையும். சின்னாறு போன்ற காட்டாறுகள் மழை பெய்தால் பெருகி ஓடும். மற்ற நாளில் மணற்பரப்பாய்க் கிடக்கும். அந்த மணலிற்பதிந்த அடிச்சுவடே வேட்டைக்காரர்க்கு ஏடு. அடர்ந்த முட்புதரில் விலங்கு கண்ணிற்படுவது மிக அண்மையில்தான். அதுவும் ஓரிரு நொடிப்பொழுதே. அவர் எடுத்துச் செல்லும் கருவி எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதையும் இந்த நிலமே முடிவு செய்தது.

கருவியைத் தேர்தல்

அக்காலத்தில் பெரு விலங்கு வேட்டைக்கு வருவோர் பலவகைத் துப்பாக்கிகளைத் திரட்டுவது வழக்கம். மன்னர்களும் உயர் அதிகாரிகளும் இங்கிலாந்துக் கைவினைஞர் செய்த இரட்டைக்குழல் ரைபிள்களைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்தனர். இரட்டைக்குழலின் பயன் பெரிது. முதற்குண்டு பிழைத்தால் மறு நொடியே இரண்டாவது குண்டு பாயும். ஆயினும் அதன் எடை மிகுதி. விலையோ மாதச் சம்பளக்காரரால் எட்ட இயலாதது. ஒற்றைக்குழலில் தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைபிள்கள் எடை குறைந்தவை, உறுதியானவை. ஆனால் ஒவ்வொரு முறையும் கையை விசையிலிருந்து எடுக்க நேரும்.

குமாவோன் மலைகளில் ஆட்கொல்லிகளைத் தேடிய ஜிம் கார்பெட்டும் இத்தகைய தேர்வுக்கு உட்பட்டவரே. 1907இல் சம்பாவத் புலியை வீழ்த்தியதற்குப் பரிசாகப் பெற்ற .275 ரிக்பி ரைபிள் எடை குறைந்தது. செங்குத்தான மலையேற்றத்துக்கு ஏற்றது. அண்மையில் நேர்நின்று சுடவேண்டிய இடங்களுக்காக அவர் கனத்த இரட்டைக்குழல் ஒன்றையும் வைத்திருந்தார். நிலத்துக்கும் தொழிலுக்கும் ஏற்பக் கருவி அமைதல் வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

ஆண்டர்சன் கைக்கொண்டது .405 வின்செஸ்டர். அமெரிக்கக் கருவி வல்லுநர் ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1895ஆம் ஆண்டு மாதிரி ரைபிள் அது. விசையைச் சூழ்ந்துள்ள நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெற்று உறை வெளியே தெறிக்க, புதிய தோட்டா குழலுள் ஏறும். தோளினின்று துப்பாக்கியை இறக்க வேண்டுவதில்லை. முந்தைய நெம்புகோல் ரைபிள்களில் தோட்டாக்கள் குழலின் கீழ் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இருக்கும். பின்னுள்ள தோட்டாவின் கூர்முனை முன்னுள்ளதன் அடியைத் தட்டி வெடிக்கச் செய்தல் கூடும் என்பதால் மழுங்கிய முனையே பயன்பட்டது. இம்மாதிரியில் தோட்டாக்கள் பெட்டியறையுள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. ஆதலின் ஆற்றல் மிக்க நீண்ட தோட்டாக்களையும் இதில் இட முடிந்தது.

.405 தோட்டா 1904இல் வெளிவந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவியை நிறைவு செய்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்க வேட்டைக்குச் சென்றபோது இதனை உடன் கொண்டு சென்றார். அதனால் இதன் பெயர் உலகெங்கும் பரவியது. குண்டின் எடை 300 கிரெயின், ஏறத்தாழ 19 கிராம். குறுக்களவு பத்து மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி. குழலினின்று நொடிக்கு ஏறத்தாழ 2200 அடி வேகத்தில் பாயும். தொலைவு மிகுந்தால் இதன் வேகம் விரைவில் தளரும். சமவெளியில் முந்நூறு கெச தூரத்து மானைச் சுட விரும்புவோர் இதனைத் தேர மாட்டார். ஆனால் சேலத்து வடகாட்டில் முட்புதரிடையே இருபது முப்பது கெசத்தில் பாயும் புலியை நிறுத்துவதற்குக் கனத்த குண்டே வேண்டும். அந்தப் பணிக்கு இது பொருந்தியது. இதன் பின்னுதைப்பு கடுமையானது. வளைந்த கட்டையின் அடியிலுள்ள இரும்புத் தகடு தோளை வலிக்கச் செய்யும். அதனைப் பொறுத்துப் பழகியவர்க்கே அது கைகொடுக்கும்.

தோட்டாவும் தருமமும்

துப்பாக்கியைத் தேர்ந்த பின்னும் தேர்வு முடிவதில்லை. தோட்டா வேறொரு தேர்வு. ஈயமுனை வெளித்தெரியும் மென்முனைக் குண்டு உடலுட் புகுந்ததும் விரிந்து விலங்கை விரைவில் வீழ்த்தும். புலி, சிறுத்தைக்கு ஏற்றது. முழுதும் உலோக உறை போர்த்த குண்டு விரியாது. தடித்த தோலையும் எலும்பையும் துளைத்து உள்ளே செல்லும். யானையின் மண்டையோட்டுக்கு மென்முனைக் குண்டைப் பயன்படுத்துவோர் தம் உயிரையே பணயம் வைப்பவராவர். ரவை நிறைந்த 12 போர்த் தோட்டாவோ இருளில் மிக அண்மையில் பயன்படும். சற்றுத் தொலைவாயினும் ரவைகள் சிதறிப் பல சிறு காயங்களைச் செய்யுமேயன்றி உயிர் போக்கா. தாள் உறையுடைய அக்காலத் தோட்டாக்கள் மழையில் நனைந்தால் ஊதிக் குழலுள் ஏற மறுக்கும். ஆகவே பெட்டியைப் பனியும் ஈரமும் படாமற் காத்தலும் வேட்டைக்காரர் கடமையாயிற்று.

இவற்றை வெறும் கருவி நுணுக்கம் என ஒதுக்குதல் ஆகாது. ஆண்டர்சன் வரலாற்றில் இது தருமத்தைச் சார்ந்தது. புலியும் சிறுத்தையும் இயல்பாக மனிதரைக் கண்டு விலகுபவை. அவை ஏன் ஆட்கொல்லிகளாகின்றன என்னும் வினாவுக்கு அவர் நூல்கள் மீண்டும் மீண்டும் விடை தருகின்றன. முள்ளம்பன்றியின் முள் தைத்துப் புண்ணான பாதம் ஒரு காரணம். மற்றொன்று, மனிதன் செய்த காயம். கருமருந்தையும் ஈயத்துண்டுகளையும் இடித்துத் திணித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி உப்புக்குழியருகே இரவில் வெடிக்கும். தாடையிலோ தோளிலோ காயமுற்ற விலங்கு தப்பிச் செல்லும். மானை விரட்ட இயலாத அவ்விலங்கு, விரட்ட வேண்டாத இரையைத் தேடும். பணம் படைத்த நகரத்து வேட்டைக்காரர் பிழைபடச் சுட்டுக் காயமுற்றதைப் பின்தொடராது வீடு திரும்பினாலும் விளைவு ஒன்றே. தகாத கருவியும் பொறுமையற்ற கையும் செய்த பிழைக்கு, விறகு பொறுக்கச் சென்ற பெண்ணும் மாடு மேய்த்த சிறுவனும் உயிரை விலையாகக் கொடுத்தனர்.

இதற்கு ஜவளகிரிப் பெண்புலியின் வரலாறு தக்க சான்று. அதன் இணையை மனிதர் சுட்டுக் கொன்றனர். பின்னர்ப் பெங்களூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் சுட்ட குண்டு பெண்புலியைக் காயப்படுத்தியதே அன்றிக் கொல்லவில்லை. அதன்பின் அது மனிதரைக் கொல்லத் தொடங்கியது. பல முயற்சிகள் பயனின்றி முடிந்தன. இணைசேரும் பருவம் வந்தது. துணையைத் தேடி அப்புலி காட்டில் குரல் எழுப்பியது. ஆண்புலியின் குரலைத் தம் தொண்டையால் எழுப்பக் கற்றிருந்த ஆண்டர்சன், இரவில் காட்டில் காத்திருந்து அதற்கு மறுகுரல் கொடுத்தார். துணை அழைக்கிறது என எண்ணி வந்த புலி அவர் குண்டுக்கு இரையாயிற்று. மக்கள் அச்சம் நீங்கிற்று. ஆயினும் அன்பை நாடி வந்த உயிரை வஞ்சித்து வீழ்த்த நேர்ந்த துயரம் அந்நிகழ்ச்சியில் உறைந்து நிற்கிறது. அகப்பாடல் பயின்றோர் இவ்விடத்தில் ஒரு நொடி நின்றே மேற்செல்வர்.

உடன் சென்றோர்

ஆண்டர்சனின் வேட்டைத் துணைப்பொருள்கள் மிகச் சில. .405 ரைபிள், குழலோடு பொருத்திய மின்விளக்கு, சில தோட்டாக்கள், தேநீர்க் குடுவை, புகைக்குழல். ஆட்கொல்லிக்காகப் பரண்மீதோ பாழ்ங்குடிசையிலோ இரவெல்லாம் அசையாது அமர்ந்திருப்பதற்கு இவை போதும். பொருளால் பெறாத துணையை அவர் மனிதரிடம் பெற்றார். சின்னாற்றங்கரையில் வாழ்ந்த பைரா, பூசாரி எனத் தாம் குறிப்பிடும் காட்டுவாழ் இனத்தைச் சேர்ந்தவர் என அவர் எழுதினார். ஆற்றுக்கரையைக் குடைந்த பொந்தில் பைரா குடியிருந்தார். வனச்சட்டத்தின் பார்வையில் அவர் ஒரு திருட்டு வேட்டைக்காரர். ஆண்டர்சனுக்கோ அவர் ஆசான். சருகின் ஒலி, குரங்கின் எச்சரிக்கைக் குரல், மணலிற் பதிந்த சுவட்டின் வயது ஆகியவற்றைப் படிக்கும் கலையில் பைராவுக்கு நிகராக அவர் எவரையும் மதிக்கவில்லை. பென்னாகரம் பகுதியைச் சேர்ந்த ரங்காவும் இத்தகைய தோழரே. கெம்பகரைப் பகுதியில் ஆட்கொல்லியைத் தேடிய வேட்டையில் இவ்விருவரும் உடனிருந்தனர். ஆங்கிலேயர் வேட்டை நூல்கள் பலவற்றில் நாட்டு மக்கள் பெயரற்ற கூலிகளாகவே வந்து போவர். ஆண்டர்சன் நூல்களிலோ பைரா பெயரும் குணமும் வறுமையும் நகையும் உடைய மனிதராய் உயிர்பெறுகிறார்.

கும்மளாபுரத்துச் சிறுத்தையின் வேட்டையில் அவர்க்குத் துணை நின்றது ஒரு நாட்டு நாய். நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த அச்சிறுத்தையின் அச்சத்தால் மக்கள் மாலையிலேயே கதவடைத்து முள்ளிட்டு ஒடுங்கினர். காத்திருந்த இரவில் சிறுத்தை நெருங்குவதை நாயின் உறுமலே உணர்த்தியது. தம் உயிரைக் காத்த அந்நாயை அவர் வீட்டிற்குக் கொண்டு சென்று நிப்பர் எனப் பெயரிட்டு வளர்த்தார். எத்துணைச் சிறந்த துப்பாக்கியும் இருளில் தானே கண் திறவாது என்பதை அவர் மறைக்கவில்லை.

1939 முதல் 1966 வரையில் அரசுப் பதிவின்படி அவர் வீழ்த்திய ஆட்கொல்லிச் சிறுத்தைகள் எட்டு, புலிகள் ஏழு. இருபத்தேழு ஆண்டுகளுக்கு இது சிறிய எண்ணிக்கையே. ஒரு பருவத்தில் அதனினும் மிகுதியாகப் புலிகளைச் சுட்டுப் படம் எடுத்துக்கொண்ட மன்னர்கள் இந்நாட்டில் இருந்தனர்.

துப்பாக்கியினின்று எழுதுகோலுக்கு

1954இல் அவரது முதல் நூல் இலண்டனில் வெளிவந்தது. ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு முரட்டு யானையும் என்று பொருள்படும் தலைப்பினை உடையது. 1957இல் இரண்டாம் நூலும், 1959இல் தேன்கனிக்கோட்டையை அடுத்த சிவனிபள்ளியின் கருஞ்சிறுத்தையைப் பெயரிற்கொண்ட நூலும் வந்தன. தொடர்ந்து வந்த நூல்களில் இறுதியானது அவர் மறைவுக்குப்பின் 1976இல் வெளியாயிற்று. அவர் எழுத்தில் உயர்வு நவிற்சி உண்டு எனக் குறை கூறுவோரும் உளர். சில நிகழ்ச்சிகள் கதைபோல் அமைந்துள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் காட்டுச்சாலையின் வளைவும், ஆற்று மணலின் வெப்பமும், அஞ்செட்டி வழியிலுள்ள சிற்றூர்களின் பேச்சும் புனைவால் மட்டும் வருபவை அல்ல. நடந்த கால்களுக்கே அவை வாய்க்கும். சேலத்தின் வடகாட்டை இத்துணை நுணுக்கமாக உலக வாசகர்க்குக் காட்டிய ஆங்கில எழுத்தாளர் வேறொருவரைச் சுட்டுதல் அரிது.

ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் உள்ளம் மாறியது. இளமையில் விளையாட்டு வேட்டையில் திளைத்தவர், பின்னாளில் ஆட்கொல்லி என உறுதியான விலங்குகளையே தேடினார். மற்றவற்றை ஒளிப்படக் கருவியால் வேட்டையாடினார். காடுகள் அருகுவதையும், மின்விளக்கு ஏந்திய வண்டிகளில் இரவில் வந்து கண்டதையெல்லாம் சுடுவோர் பெருகுவதையும் கண்டு வருந்தி எழுதினார். இளமையில் அவர் சுட்டவையும் உயிர்களே என்னும் உண்மை இதனால் அழிந்துவிடாது. அதனை மறைத்து அவரைத் துறவியாக்குதல் வரலாறாகாது. ஆனால் தம் கையறிந்த தொழிலின் தீமையைத் தாமே கண்டு, அதற்கு எதிராக எழுதிய துணிவு எளிதிற் காணக்கூடியதன்று.

மாறிய காலம்

1970இல் புலி வேட்டை நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1973இல் புலிகள் காப்புத் திட்டமும் வந்தன. வீட்டில் துப்பாக்கி சேர்ப்போர்க்கு அது நினைவுப்பொருளாகவும் உரிமச் சிக்கலாகவும் சுருங்கியது. .405 தோட்டாவையும் அந்நிறுவனம் ஒரு கட்டத்தில் செய்வதை நிறுத்தியது. தோட்டா இல்லாத துப்பாக்கி, பேசுவோர் அற்ற மொழி போன்றது. தம் வாழ்வின் பெரும்பொழுதை வேட்டையிற் கழித்த ஒருவர், வேட்டையே முடிவுறும் நாளையும் உயிரோடிருந்து கண்டார்.

புற்றுநோயால் துன்புற்ற கென்னத் ஆண்டர்சன் 1974 ஆகஸ்டு 30ஆம் நாள் மறைந்தார். அவர் மகன் டொனால்டும் தந்தைவழியில் காட்டை நேசித்தவராய் வாழ்ந்து 2014இல் காலமானார்.

ஆண்டர்சன் நடந்த காடுகளின் பெரும்பகுதி இன்று காவிரி வடக்கு, காவிரி தெற்குக் காட்டுயிர்ச் சரணாலயங்களாகக் காக்கப்படுகின்றது. ஜவளகிரி வழியே யானைக்கூட்டங்கள் இன்றும் செல்கின்றன. வல்வில் ஓரியின் அம்பைப் பாடிய மண், ஒற்றைத் துப்பாக்கியோடு வந்து, தேவைக்கு மேல் ஒரு தோட்டாவும் செலவிடலாகாது எனக் கற்றுச் சென்ற இவரையும் நினைவிற்கொள்ளுதல் தகும். அவர் உடல் பெங்களூரில் ஒசூர்ச் சாலைக் கல்லறையில் துயில்கின்றது. அச்சாலையிலேயே தொடர்ந்து தெற்கு நோக்கிச் செல்வோர், ஒசூரைக் கடந்து, பழைய சேலத்தின் அந்தக் காடுகளையே அடைவர்.